சட்டைப் பையில் ரோஜாக் கறை

புருஷனுக்குக் கிட்னி கொடுத்தவள் என்றதும் தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆடட்டும். ஏன் கொடுத்தாய் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஒளிவுமறைவு தெரியாத வாய் அது. பழிவாங்கத்தான் கொடுத்தாள்.

அந்தத் தெருவில் சலவைக் கடை நடத்துகிறவள் அவள். கீழே நீளமாக ஓர் அறை. அதில் இரண்டு துவைக்கிற மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, சுவரோரம் நம்பர் போட்ட அலமாரி. மேலே இரண்டு அறை, அது வீடு. எல்லாரும் அவளை லாண்டரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் துணி வந்தாலும் முதலில் பைக்குள் கையை விட வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். பையில் கிடைத்ததைப் பழுப்புக் கவரில் போட்டு, டோக்கன் நம்பர் எழுதி, துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு தடவை பல்செட்டே கிடைத்தது. இன்னொரு தடவை ஒரு குமாஸ்தாவின் ராஜினாமாக் கடிதம் கிடைத்தது. எழுதி நாலு மாதமாகியும் அந்த ஆள் கொடுக்காமல் வைத்திருந்தார். தெருவில் எந்த வீட்டில் என்ன புகைகிறது என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஆனால் மூச்சு விட மாட்டாள்.

கறை எடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. டீயா, மையா, துருவா, ரத்தமா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வயிற்றெரிச்சலாக வரப்போகிறது.

புருஷன் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவான். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதுதான் வேலை. ஊரார் வண்டிக்கெல்லாம் பிரேக் போட்டான், தனக்குப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒருத்தி கடைசியில் மாஸ்டரையே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அது வெளியே வந்ததும் ஒரு சட்டைப் பையால்தான். ஒரு திங்கட்கிழமை காலை அவன் பைக்குள் கையை விட்டபோது போட்டோ ஸ்டூடியோ ரசீது வந்தது. ஜோடிப் படம், ஆறு பிரதி. லாண்டரியம்மா அழவில்லை, கத்தவில்லை. நேராக ஸ்டூடியோவுக்குப் போய் ஆறு பிரதியையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். கடையில் யாரும் கேட்டு வராத துணிகளுக்கென்று ஒரு கொடி உண்டு. அதில் ஒரு படத்தை கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, 'உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று அட்டையும் மாட்டினாள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவன் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். போனவன் பதினோரு வருஷம் திரும்பவில்லை.

அன்றைக்கு அவள் சபதம் போட்டாள். இனி சாகிறவரைக்கும் இந்த ஆளின் பைக்குள் கை விட மாட்டேன். அதில் என்ன இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பன்னிரண்டாவது வருஷம் அவன் ஊருக்கு வந்தான். வந்தான் என்ன, கொண்டுவந்து இறக்கினார்கள். கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுந்துகொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றவள், ஓடாத வண்டி தனக்கெதற்கு என்று அவனுடைய அக்கா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அக்கா கொடுக்கலாம் என்றால் அவளுக்குச் சர்க்கரை. சலவைக் கடைக்கு வந்து, வெளுத்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தினாள் நாத்தனார்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. என்ன இருந்தாலும் உன் புருஷன்."

"வச்சுக்கல அண்ணி. நான் தர்றேன்" என்றாள் லாண்டரியம்மா. நாத்தனாருக்கு அழுகையே நின்றுபோயிற்று.

அவள் கணக்கு வேறு. இவன் செத்துத் தொலைந்தால் என்ன லாபம்? ஒரு நாள் அழுகை, மறுநாள் விடுதலை, அதுவும் அவனுக்கு. அதைவிட அவன் வயிற்றுக்குள் அவள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் அவள் ஞாபகம் வர வேண்டும். நல்லா இருக்கே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

ரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சின்ன வயசுக்காரி, ஆனால் நிதானமாகப் பேசுகிறவர். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறதாம். வாயில் நுழையாத பேர், சுருக்கமாக சி.எம்.வி.

"நிறையப் பேருக்கு சின்ன வயசுலயே ஒரு ஜுரம் மாதிரி வந்துட்டுப் போயிருக்கும். அப்புறம் உடம்புலயே தூங்கிட்டு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. அம்மா, உங்களுக்கு அது இருக்கு. சாருக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. உங்க கிட்னியோட சேர்ந்து அதுவும் அவருக்குப் போகும். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை குடுப்போம். அந்த நேரம் பாத்து இது முழிச்சுக்கும்."

"என்கிட்ட இருக்கறது எதுவுமே அவருக்கு ஒட்டாததுதான் டாக்டர் இத்தனை வருஷமா பிரச்சினை. இதாவது ஒட்டுதே" என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்காகத்தான் ரோஜா நிறத்தில் ஒரு மாத்திரை. தினமும் சாப்பிட்டதும் இரண்டு, ஆறு மாதம். ஒரு நாள்கூட விடக் கூடாது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அவன் மேல்மாடியில் ஓர் அறையில் குடியேறினான், அவள் பழி ஆரம்பமாயிற்று. முன்பெல்லாம் 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது 'நீ', 'வா', 'போ'தான். அதுவும் கடையில் நாலு பேர் நிற்கும்போது.

"மெதுவா உக்காரு. என்னோடதை நசுக்கிடாத."

"தண்ணி குடிச்சியா? உனக்காக வேணாம், எனக்காகக் குடி."

"பாத்ரூம் போயிட்டு வந்தியா? யார் புண்ணியத்துல?"

துணி வாங்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவன் தலை குனிந்துகொள்வான். காலையில் சாப்பிட்டதும் மேஜைக்கு வர வேண்டும். மாத்திரைகளை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைப்பாள். ரோஜா மாத்திரை கடைசியில் வரும். "இது என்கிட்டேர்ந்து வந்த கிருமிக்கு. முழுங்கு." அவன் கையை வாய்க்குக் கொண்டுபோவான், தண்ணீர் குடிப்பான், தலையாட்டுவான். அவள் இஸ்திரிப் பெட்டிப் பக்கம் திரும்பிவிடுவாள்.

அவன் சட்டைகளும் மற்றத் துணிகளோடு கூடையில் வந்தன. ஊராரின் பையெல்லாம் அவள் கையைப் பார்த்தது, அவன் பை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே பாறாங்கல்லே இருந்தாலும் அப்படியே மெஷினுக்குள் போகும். சபதம் சபதம்தான்.

மூன்றாவது மாதம், காய்ந்த சட்டையை மேஜையில் விரித்தபோது பார்த்தாள். மார்புப் பையின் அடியில் ரோஜா நிறத்தில் ஒரு கறை. அடுத்த வாரம் இன்னொரு சட்டையில், அதே இடத்தில். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. உதட்டுச் சாயம்! சாயங்காலம் நடக்கப் போகிறேன், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நாற்பது நிமிஷம் காணாமல் போகிறானே, அந்தக் கார்க்காரியிடம்தான் போகிறான். அவள் உதட்டைத் துடைத்த கைக்குட்டையைப் பையில் செருகிக்கொண்டு வருகிறான். அடப்பாவி, என் கிட்னியையும் தூக்கிக்கொண்டா அவளிடம் போகிறாய்?

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்திருப்பாள். லாண்டரியம்மா அப்படிப்பட்டவள் இல்லை. ஆறு மாதம் முடிந்ததும் நாத்தனார் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதாகப் பேச்சு. அன்றைக்கு அத்தனை பேர் நடுவிலும் சட்டைகளை வரிசையாக விரிப்பதென்று முடிவு கட்டினாள். கறை பட்ட சட்டைகளை எடுத்து மூட்டை கட்டி, சோப்புத்தூள் சாக்குக்குப் பின்னால் ஒளித்தாள். நாலு சட்டை சேர்ந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்தச் சாக்கைப் பார்ப்பாள், மனசு குளிர்ந்துபோகும்.

ஐந்தாவது மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சும்மா சூடு, அப்புறம் வயிற்றுப்போக்கு. நாலு நாளில் மாடிப்படி ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முகம் சுண்டிப்போனார். சி.எம்.வி. முழித்துக்கொண்டுவிட்டது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றன, கிட்னியும் திணறுகிறது.

நாத்தனார் வந்தாள். வார்டில் எட்டுக் கட்டில், எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"உன் கிட்னியில இருந்த விஷம்தான் என் தம்பியைத் தின்னுது! தெரிஞ்சே குடுத்திருக்க. நீ எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா? போட்டோவைக் கொடியில மாட்டினவதானே நீ!"

மனசறிந்து லாண்டரியம்மா எத்தனையோ பழி தீர்த்திருக்கிறாள், ஒன்றுக்கும் யாரும் அவளைத் தட்டிக் கேட்கவில்லை. இப்போது செய்யாத ஒன்றுக்கு எட்டுக் கட்டில் சாட்சியாக மாட்டிக்கொண்டாள். "இரு அண்ணி. நாளைக்குக் காலையில வா. உன் தம்பி எப்பேர்ப்பட்டவன்னு நான் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மூட்டையோடு போனாள். வார்டுக்குள் போகும்முன் கையில் மருந்துத் தண்ணீர் தடவிக்கொள்ள வேண்டும், கதவருகே புட்டி மாட்டியிருக்கும். தடவிக்கொண்டு, வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். பை மேலே தெரிகிற மாதிரி சட்டைகளை மடித்து வைத்தால் ஒரே உதறலில் விரிக்கலாம். மடிக்கும்போது ஈரக் கட்டைவிரல் கறைமேல் பட்டது.

விரலில் ரோஜா நிறம் ஒட்டியது.

அவள் விரலைப் பார்த்தாள். உதட்டுச் சாயம் எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீருக்கு லேசில் மசியாது, சோப்புப் போட்டுத் தேய்த்தாலே பாதிதான் போகும். இது தொட்டதும் வருகிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டாவது சட்டையில் ஒரு சொட்டு விட்டாள். அதுவும் கரைந்தது. இருபது வருஷமாகக் கறையோடு மாரடிக்கிறவள், இரண்டு மாதத்துக்கும் மேலாக இந்தக் கறைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை. உதட்டுச் சாயமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் அவன் பைக்குள் கையை விட்டாள். அடித் தையலில் ஏதோ மாவு மாதிரி நெருடியது. மூன்றாவது சட்டையில் பாதி கரைந்த மாத்திரை ஒன்று, ஒரு பக்கம் இன்னும் ரோஜா நிறமாக, தையலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடக் கிராதகா" என்றாள் வாய்விட்டு. முழுங்கவே இல்லை. அவள் கண் முன்னால், அவள் கையால் வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோய் பையில் போட்டிருக்கிறான். நடக்கப் போகிற வழியில் எங்கேயோ கொட்டியிருக்கிறான். கொட்ட மறந்த நாளில் அது மெஷினில் போய்க் கரைந்திருக்கிறது.

உள்ளே டாக்டரம்மா கட்டிலருகே வந்துவிட்டார், கையில் ஒரு காகிதம். நாத்தனார் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான்.

"ஒரு விஷயம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "ரோஜா மாத்திரையை ஒரு நாளும் விடாம சாப்பிட்டாரா? ஒழுங்கா சாப்பிட்டும் இது வந்திருக்குன்னா, வைரஸ் அந்த மருந்துக்கு அடங்கலன்னு அர்த்தம். அதே வகை ஊசியைப் போட்டுப் பிரயோஜனம் இல்ல. வேற மருந்துக்கு மாத்தணும். அது கடுமையானது, கிட்னியைப் பாதிக்கும். இப்ப இருக்கற நிலைமையில கிட்னி தாங்குமான்னு என்னால சொல்ல முடியல. அதுக்குத்தான் கையெழுத்து."

"இவதான் தன் கையால குடுத்தா. இவளையே கேளுங்க" என்றாள் நாத்தனார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதில் பொய்கூட முழுசாக இல்லை, கொடுத்தது அவள்தானே. முட்டாளாக்கப்பட்டாள் என்று யாருக்கும் தெரியாது, சட்டைகளை மெஷினில் போட்டால் சாட்சியும் போய்விடும். நாத்தனார் முன்னால் மூக்கறுபட வேண்டாம். அவன் தன் வினையைத் தானே அனுபவிப்பான். இதைவிட நல்ல பழி அவளுக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது. நாக்கு நுனி வரைக்கும் அந்த 'ஆமா' வந்துவிட்டது.

அப்போது அவன் தூக்கத்திலேயே கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான், வலது பக்கம், அது இருக்கிற இடத்தில். லாண்டரியம்மா அந்த 'ஆமா'வை முழுங்கிவிட்டாள். அவனுக்காக இல்லை, சத்தியமாக அவனுக்காக இல்லை. அது அவளுடையது. அவளை அறுத்து எடுத்தது. அதைக் கொல்லவா இத்தனை பாடு?

மூட்டையைக் கட்டில்மேல் கொட்டினாள்.

"சாப்பிடல டாக்டர். ரெண்டு மூணு மாசமா சாப்பிடவே இல்ல. பாருங்க, பைக்குள்ள போட்டிருக்கான். ஒவ்வொரு பையும் பாக்குற நான் இவன் பையை மட்டும் பாக்கல. கறையைப் பாத்தேன், வேற என்னமோன்னு நெனச்சு மறைச்சு வச்சேன். என் தப்பும் இருக்கு."

டாக்டரம்மா பாதி மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த காகிதத்தை இரண்டாக மடித்தார். "இது போதும்மா. அப்படின்னா இந்த மருந்தையே ஊசியா போடலாம். கண்டிப்பா கேக்கும்னு நம்பறேன்." பிறகு அவனைத் தட்டி எழுப்பினார். "ஏன் சார் நிறுத்தினீங்க?"

அவன் சட்டைகளைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை. மெல்லக் கண்ணைத் திருப்பி நாத்தனாரைப் பார்த்தான்.

"அக்காதான்... டப்பாவுல இருந்த காகிதத்தைப் படிச்சுட்டு, இது ஆம்பளைங்களுக்கு ஆகாது, ஆம்பளைத்தனத்தையே கெடுத்துடும்னு சொன்னா."

"நான் எங்கடா நிறுத்தச் சொன்னேன்! போட்டிருந்ததைப் படிச்சேன்" என்று நாத்தனார் கைப்பையைத் தேட ஆரம்பித்தாள். அது அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது குழந்தை பெத்துக்கறதைப் பத்தின எச்சரிக்கைம்மா. நீங்க சொல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"அண்ணி" என்றாள் லாண்டரியம்மா, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி. "நேத்து விஷம்னு ஏதோ சொன்னியே. அது யார் குடுத்ததுன்னு இப்பத் திரும்பச் சொல்லு பாப்போம்."

நாத்தனார் அன்றைக்குப் போனவள் அதற்கப்புறம் வார்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்து லாண்டரியம்மா ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஊசி ஏறியது. வாரா வாரம் ரத்தம் எடுத்தார்கள், வைரஸ் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது வாரம் காய்ச்சல் சுத்தமாக விட்ட ஒரு மத்தியானம், அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா சொன்னது ஒரு சாக்குதான். எல்லாமே உன்னோடதுன்னு சொல்லிக்கிட்டே இருந்த. கிட்னி உன்னோடது, வீடு உன்னோடது, நான் குடிக்கற தண்ணிகூட உனக்காக. இந்த ரெண்டு மாத்திரையாவது என் இஷ்டம்னு... அதுல ஒரு திருப்தி."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். பைக்குள் கை விடாதது அவளுடைய வீராப்பு, மாத்திரை முழுங்காதது இவனுடைய வீராப்பு. இரண்டும் சேர்ந்து கிட்னியைக் குழிக்கு அனுப்பப் பார்த்திருக்கின்றன. தன்னைப்போலவே இவனும் பழிவாங்கத் தெரிந்தவன்தான் என்று தெரிந்ததும், கோபத்தோடு கோபமாக அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார், இனி ஒழுங்காக இருந்தால் இந்தக் கிட்னி பதினைந்து வருஷம்கூட ஓடலாம் என்று. பதினோரு வருஷம் போனதற்குப் பதினைந்து வருஷம். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடை திறந்து, துணி வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் சாப்பிட்டுவிட்டு மேஜைக்கு வந்து நின்றான், நாலு பேர் சிரிப்பதற்குத் தயாராக. அவள் ரோஜா மாத்திரை இரண்டையும் அவன் கையில் வைத்தாள். வழக்கமான கேலியைச் சொல்லவில்லை. குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. நீ சாகக் கூடாது. எனக்கு முன்னாடி சாகவே கூடாது. நான் செத்தப்புறமும் என்னோடது ஒண்ணு உன் வயித்துக்குள்ள உக்காந்து உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதுக்குத்தான் குடுத்தேன். வேற எதுக்கும் இல்ல."

அவன் மாத்திரைகளை வாயில் போட்டான், தண்ணீர் குடித்தான், கேட்காமலே வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

அவள் நம்பவில்லை. அவன் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.